எண் காத்த பெருந்தகை

திண்டுக்கல்லுக்கு விடுக்கும் மடல் 624001 என்னும் குறியீட்டெண்ணால் வழி தவறாது வந்து சேர்கிறது. வலையிற் சேரும் கணினிக்கும் அத்தகைய முகவரி எண் வேண்டும். ஒரே எண் இரு கணினிகட்கு அமையின் செய்தி தடுமாறும். அவ்வெண்களை முறைப்படுத்திக் காத்த பெருந்தகை ஜான் போஸ்டெல் ஆவார்.

அவர் 1943ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். 1969இல், மாணவராய் இருந்த காலத்திலேயே, ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலைப்பணியில் ஈடுபட்டார். எவ்வெண் எவர்க்கு உரியது எனப் பதிந்து காக்கும் பொறுப்பையும், வலையின் விதிகளைக் கூறும் ஆவணங்களைப் பதிப்பிக்கும் பொறுப்பையும் ஏற்றார். இணைய முகவரியின் இலக்கணம் 1981இல் அவர் கையால் வெளிவந்தது.

நாளடைவில் வலை பெருகிற்று. ஒவ்வொரு கணினிக்கும் கையால் எண் இடுதல் அரிதாயிற்று. எண்ணைத் தானே வழங்கும் டிஎச்சிபி என்னும் முறையை ரால்ப் டிராம்ஸ் என்பார் வகுத்தார். போஸ்டெல் பதிப்பித்த ஆவண வரிசையிலேயே 1993இல் அது வெளிவந்தது.

அம்முறைப்படி, புதிய கணினி தனக்கோர் எண் வேண்டுமென வலை முழுதும் அறிவிக்கும். வழங்கி என்னும் கணினி ஓர் எண்ணைக் காட்டும். புதியது அதனையே தருமாறு கேட்கும். வழங்கி உறுதி செய்யும். அவ்வெண் குடிக்கூலி வீடு போன்றது. தவணையைப் புதுப்பியாவிடின் பிறிதொரு கணினிக்குச் செல்லும்.

போஸ்டெல் 1998 அக்டோபர் 16ஆம் நாள், தம் 55ஆம் அகவையில் மறைந்தார். பெரும்பொருள் ஈட்டுதலை அவர் நாடினாரல்லர்; பொதுப்பணியில் நடுவுநிலை பிறழாமையையே நாடினார். சிறு பணியையும் செம்மையாக ஆற்றுவோரை உலகம் மறவாது.