பருத்திக்குப் பருவம் தேடிய டாக்டர்

ஆற்றங்கரைகளில் நிற்கும் மருத மரத்தின் தாவரவியல் பெயர் டெர்மினாலியா அர்ஜுனா. தாவரவியல் நூல் ஒன்றில் அதைத் தேடிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் வைட், அர்னாட் என்ற இருவரின் பெயர்கள் சுருக்கமாக ஒட்டியிருக்கும். மானாவாரிக் காடுகளில் வளரும் விடத்தேர் மரத்தின் பெயருக்குப் பின்னாலும் இதே இருவர்தான். இவர்களில் முதலாமவர் ராபர்ட் வைட். நம் மண்ணில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய மருத்துவர்.

வைட் 1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1818-ல் பட்டம் பெற்றார். மருத்துவர் எப்படித் தாவரவியலாளர் ஆனார் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் மருந்துகளில் பெரும்பகுதி வேரிலிருந்தும் பட்டையிலிருந்தும் இலையிலிருந்தும் வந்தது. செடியை அடையாளம் காணத் தெரியாதவர் மருந்து கொடுக்க முடியாது. அதனால் மருத்துவ மாணவர்களுக்குத் தாவரவியலும் கற்றுத் தரப்பட்டது.

1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் உதவி மருத்துவராக இந்தியா வந்தார். 1826-ல் சென்னை அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1828-ல், அரசு அந்தப் பதவியை ஒழித்தது. அவர் திரட்டிய தாவர மாதிரிகள் லண்டனுக்குப் போயின. அவரோ மீண்டும் படை மருத்துவராக நாகப்பட்டினம் போனார்.

பதவி போனாலும் அவர் வேலையை விடவில்லை. சொந்தப் பணத்தில் ஆட்களை அமர்த்திச் செடிகளைச் சேகரித்தார். 1831-ல் விடுப்பில் தாயகம் திரும்பியபோது ஏறக்குறைய 1 லட்சம் உலர் மாதிரிகளைக் கொண்டு சென்றார். அவற்றின் எடை சுமார் 2 டன். ஒவ்வொன்றும் காகிதங்களுக்கு இடையே அழுத்தி, காகிதம் மாற்றி மாற்றி, பூஞ்சணம் பிடிக்காமல் உலர்த்தப்பட்டது. மழைக்காலத்தில் விதையைக் காப்பாற்றி வைக்கும் உங்களுக்கு அந்தப் பாடு புரியும்.

அந்த மாதிரிகளை வைத்து அவரும் நண்பர் வாக்கர் அர்னாட்டும் 1834-ல் தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டனர். அதுவரை லின்னேயஸ் முறைப்படி, பூவில் உள்ள மகரந்தத் தாள்களை எண்ணிச் செடிகளைப் பிரிப்பதே பெருவழக்கு. இவர்கள் பூ, காய், விதை, இலை எனப் பல பண்புகளை ஒப்பிட்டு, எந்தச் செடி எதற்கு உறவு என்று பார்த்தனர்.

உறவு தெரிந்தால் விவசாயிக்கு என்ன லாபம்? துவரையைப் பாருங்கள். அதன் காட்டு உறவுகளை இந்த நூலில் அட்டிலோசியா என்ற பேரினமாக இருவரும் வகுத்தனர். இன்று அந்த இனங்கள் துவரையின் பேரினமான கஜானஸிலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. வீரிய ஒட்டுத் துவரை உருவாக்கத் தேவையான ஆண் மலட்டுத்தன்மை இந்தக் காட்டு உறவுகளிடமிருந்துதான் பெறப்பட்டது. காய்ப்புழுவைத் தாங்கும் பண்பையும் ஆய்வாளர்கள் அவற்றில்தான் தேடுகிறார்கள். வேலியோரம் களை போல் படரும் கொடியையும் ஒருவர் கூர்ந்து பார்த்துப் பதிவு செய்ததன் பயன் இது.

இந்தியா திரும்பிய வைட், 1836-ல் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டார். பருத்தி, புகையிலை, நிலாவரை முதலிய பயிர்களின் சாகுபடியை ஆராய்ந்து அறிக்கை தருவது வேலை. 1842-ல் கோவையில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது.

இங்கிலாந்தின் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும். கோவைப் பகுதியில் விளைந்த உப்பம், நாடன் பருத்திகளின் இழை குட்டை. அமெரிக்க விதையும் அமெரிக்கத் தோட்டக்காரர்களும் வந்தால் தீர்ந்தது என்று கம்பெனி நினைத்தது. ஆனால் அமெரிக்காவில் பருத்தி வசந்தத்தில் விதைக்கப்பட்டு, கோடை மழையில் வளர்ந்து, இலையுதிர்காலத்தில் வெடிக்கும். இங்கே மானாவாரிப் பருத்தி வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகிறது. டிசம்பரோடு மழை நின்றுவிடும். காய் பிடிக்கும் நேரத்தில் கரிசல் மண்ணின் அடி ஈரத்தை வைத்தே செடி பிழைக்க வேண்டும். உப்பமும் நாடனும் இதற்குப் பழகியவை. அமெரிக்கச் செடி பழகாதது.

வைட் 11 ஆண்டுகள் இதோடு போராடினார். விதைப்புக் காலமும் மழையும் வெப்பமும் ஒத்துவந்தால் அமெரிக்கப் பருத்தி இங்கும் வரும் என்று நம்பினார். ஆனால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 1853-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். சோதனை தோல்வி என்றே பேசப்பட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1904-05 வாக்கில் அதே அமெரிக்க இனத்தைச் சேர்ந்த கம்போடியா பருத்தி தமிழகத்துக்கு வந்தது. இம்முறை அது கிணற்றுப் பாசனத்தில் பயிரிடப்பட்டது. செழித்தது. கோவை பஞ்சாலை நகரமாக வளர அதுவும் துணைநின்றது. இனம் மாறவில்லை, தண்ணீர் கிடைத்த விதம்தான் மாறியது. புதிய ரக விதையை வாங்கும்போது விளைச்சல் எத்தனை குவிண்டால் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எத்தனை தண்ணீரில் அந்த விளைச்சல் வந்தது என்றும் கேளுங்கள். அந்த மூன்றும் உங்கள் வயலோடு பொருந்தவில்லையென்றால் முதல் ஆண்டு அரை ஏக்கருக்கு மேல் போடாதீர்கள்.

பருத்தியோடு மல்லுக்கட்டிய அதே ஆண்டுகளில் அவர் இன்னொரு பெரிய வேலையையும் முடித்தார். 1838 முதல் 1853 வரை இந்தியத் தாவரங்களின் 2,101 படங்களை நூலாக வெளியிட்டார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். உள்ளூர் ஓவியர்களின் பெயரைப் பலரும் குறிப்பிடாத அந்தக் காலத்தில், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயா என்று பெயரிட்டார் வைட்.

ரெடிங் நகருக்கு அருகே ஒரு பண்ணையில் வாழ்ந்து 1872-ல் அவர் மறைந்தார். அவர் சேகரித்த மாதிரிகளில் சில, கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் உலர் தாவரத் தொகுப்பில் இன்றும் இருக்கின்றன. ஒரு செடியின் பெயரில் ஐயம் வந்தால் ஆய்வாளர்கள் இப்போதும் அங்கே போய்ப் பார்க்கிறார்கள். உங்கள் வயலில் இதுவரை காணாத செடி முளைத்தால் பிடுங்கி எறியும் முன் பூவோடு ஒரு கிளையை ஒடித்து, பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். அது புதிதாய் நுழைந்த களையா, பயிரின் காட்டு உறவா என்பதைப் பெயர் தெரிந்த பிறகே முடிவு செய்ய முடியும்.