ட்ரோல்மன்: பறிக்கப்பட்ட பட்டம்

1907இல் ஜெர்மனியின் வில்ஷே என்னும் சிற்றூரில் பிறந்து, ஹனோவர் நகரில் வளர்ந்தவர் யோஹான் ட்ரோல்மன். ரோமா மக்களின் ஒரு பிரிவான சின்ட்டி சமூகத்தவர். சிறுவயதிலேயே குத்துச்சண்டை பழகி, அமெச்சூர் வீரராக வட ஜெர்மன் பட்டம் வரை வென்றார். ஆயினும் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் தரப்படவில்லை. மறு ஆண்டே தொழில்முறைக்கு மாறினார்.

1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்தனர். யூதர் என்பதற்காகவே எரிக் சீலிக் விரட்டப்பட, அவர் வகித்த லைட் ஹெவிவெயிட் பட்டம் காலியானது. அதற்காக ஜூன் 9 அன்று பெர்லினில் ட்ரோல்மனும் அடால்ஃப் விட்டும் மோதினர். புள்ளிகளில் ட்ரோல்மன் தெளிவாக முந்தியிருந்தும், முடிவில்லை என்று அறிவித்தனர். அரங்கமே கொதித்தெழுந்தது, வேறு வழியின்றிப் பட்டத்தை அவருக்கே கொடுத்தனர். சில நாட்களில் அதைப் பறித்தும் விட்டனர். சொல்லப்பட்ட காரணம், ஆட்டம் மோசம் என்பது. பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், தகுதியின் பெயரால் ஒருவரை வெளியேற்றும் இத்தகைய ஆணைகளை நாமும் வழக்குக் கோப்புகளில் வாசித்தே வருகிறோம்.

ஜூலை 21 அன்று அடுத்த போட்டி, குஸ்டாவ் எடெருடன். ட்ரோல்மனின் வலிமை அவரது கால்களில் இருந்தது. நடனம்போல் நகர்ந்து, அடிக்கு அகப்படாமல் அடிப்பவர். அந்த ஆட்டம் ஜெர்மானியருக்கு உரியதன்று, அதைக் கைவிடாவிட்டால் உரிமம் போகும் என்று எச்சரித்தனர். அவர் தலைமுடியைப் பொன்னிறமாக்கி, உடலெங்கும் மாவு பூசிக்கொண்டு மேடையேறினார். ஆரிய வீரனாக நடுமேடையில் அசையாமல் நின்று, ஐந்தாம் சுற்றில் வீழும்வரை அடிகளை வாங்கினார். பதிவேடு அதைத் தோல்வி என்கிறது. நமக்கு அவ்வாறு எண்ண மனம் வரவில்லை.

1935இல் அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தனர். குடிமகனாக வாழவிடாத அதே அரசு 1939இல் அவரைப் படையில் சேர்த்துக்கொண்டது. கிழக்குப் போர்முனையில் அவர் காயமுற்றார். 1942இல் இனத்தைக் காரணம் காட்டிப் படையிலிருந்து நீக்கி, அதே ஆண்டில் கைதுசெய்து நொயன்காம வதைமுகாமுக்கு அனுப்பினர். அங்கே பகலெல்லாம் கடும் உழைப்பு. மாலையில் காவலர்களின் குத்துப் பயிற்சிக்கு அவரே இலக்கு. சக கைதிகள் அவர் இறந்துவிட்டதாகப் பதிவு செய்து, வேறொரு பெயரில் விட்டன்பெர்க துணைமுகாமுக்கு மாற்றி அவரைக் காத்தனர்.

அங்கும் அவரை அடையாளம் கண்டுகொண்டனர். 1944இல், கைதிகளை மேய்த்த கங்காணி ஒருவனுடன் மோத வைத்தனர். ட்ரோல்மன் வென்றார். தோற்றவன் பின்னர் அவரை அடித்தே கொன்றான்.

பறித்த பட்டத்தை ஜெர்மன் குத்துச்சண்டைச் சங்கம் 2003இல் திருப்பியளித்தது. இடுப்புப் பட்டையை அவருடைய குடும்பத்தார் பெற்றுக்கொண்டனர்.