31 வெற்றி, 4 தோல்வி... ஒரு கேட்சால் போன சாதனை! யார் இந்த லெஃப்டி குரோவ்?

கிரிக்கெட்டில் ஒரு அணி தோற்றால் அந்தத் தோல்வியை பவுலர் பெயரில் எழுத மாட்டார்கள். ஆனால் பேஸ்பாலில் எழுதுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் வென்ற அணியின் ஒரு பிட்சருக்கு வெற்றி, தோற்ற அணியின் ஒரு பிட்சருக்கு தோல்வி. சீசன் முடிந்ததும் அவர் பெயரில் உள்ள வெற்றிகளை, வெற்றி தோல்வி இரண்டும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் வெற்றி சதவீதம். இந்தக் கணக்கில் உச்சம் தொட்டவர், அதே கணக்கால் நொந்தும் போனவர் லெஃப்டி குரோவ்.

சுரங்க ஊர்ப் பையன்

ராபர்ட் மோசஸ் குரோவ் 1900 மார்ச் 6-ம் தேதி, அமெரிக்காவின் மேரிலேண்ட் மாகாணத்தில் உள்ள லோனகோனிங் என்ற நிலக்கரி சுரங்க ஊரில் பிறந்தார். இடது கைக்காரர் என்பதால் 'லெஃப்டி'. கொஞ்ச நாள் சுரங்க வேலைக்கும் போனார், பிடிக்கவில்லை. 1920-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு வந்தார். அப்போது அது சிறிய லீக்கில் ஆடிய அணி. ஜெயித்துக் கொடுக்கிற பையனை அதன் உரிமையாளர் ஜாக் டன் லேசில் விடுவாரா? 1924 வரை அங்கேயே வைத்துக்கொண்டார். பிறகு பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணிக்கு விற்ற விலை 1,00,600 டாலர். பேப் ரூத்தை வாங்க நியூயார்க் யாங்கீஸ் கொடுத்த 1 லட்சத்தைத் தாண்ட வேண்டும் என்றுதான் அந்த 600 என்பார்கள்.

அந்த ஒரு ஆட்டம்

1931-ல் குரோவை யாராலும் தொட முடியவில்லை. தொடர்ந்து 16 வெற்றி. அமெரிக்கன் லீக்கில் அதுவரை 16-ஐ எட்டியவர்கள் வால்டர் ஜான்சனும் ஜோ வுட்டும் மட்டுமே, இருவரும் 1912-ல். இன்னும் ஒன்று ஜெயித்தால் குரோவ் தனி ஆள்.

ஆகஸ்ட் 23, செயின்ட் லூயிஸ். எதிரணி பிரவுன்ஸ், பலமான அணி இல்லை. இடது பக்கம் வழக்கமாக நிற்கும் நட்சத்திர வீரர் அல் சிம்மன்ஸ் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். பதிலுக்கு நின்ற ஜிம்மி மூர் ஒரு பந்தைத் தப்பாகக் கணித்து முன்னால் ஓடி வர, பந்து தலைக்கு மேலே போய்விட்டது. ஒரே ஒரு ரன். குரோவின் அணியால் அதைக்கூட எடுக்க முடியவில்லை. 0-1 தோல்வி, குரோவ் பெயரில்!

அதன் பிறகு அவர் உடை மாற்றும் அறையையே துவம்சம் செய்துவிட்டார். கோபம் மூர் மீது இல்லை, ஊருக்குப் போன சிம்மன்ஸ் மீதுதான். முன்கோபத்துக்குப் பேர் போன மனிதர், ஆனால் இந்த ஒரு தடவை அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது.

கணக்கு சரியா?

சீசன் முடிவில் குரோவ் 31-4, அதாவது 88.6 சதவீதம். அன்று ஜெயித்திருந்தால் 32-3, 91.4 சதவீதம். அந்த ஆண்டு அத்லெடிக்ஸ் 107-45. குரோவின் ஆட்டங்களைக் கழித்தால் 76-41, சுமார் 65 சதவீதம். ஆக, நல்ல அணியும் கைகொடுத்தது, அதற்கு மேலேயும் அவர் உயரத்தில் நின்றார்.

இன்னொரு பக்கம் பாருங்க. 1972-ல் பிலடெல்பியா பில்லிஸ் வெறும் 59-97. அதில் ஸ்டீவ் கார்ல்டன் மட்டும் 27-10, அதாவது 73 சதவீதம். மற்ற பிட்சர்கள் எல்லாரும் சேர்ந்து 27 சதவீதம்தான்! பட்டியலில் கார்ல்டன் குரோவுக்கு ரொம்பக் கீழே. அணியோடு ஒப்பிட்டால் கதையே வேற.

குரோவ் பிறகு பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் போனார். கை வலியால் வேகம் குறைய, புத்தியால் வீசினார். 1941 ஜூலையில் 300-வது வெற்றி, அதோடு சரி. கடைசி சீசன் 7-7, மொத்தக் கணக்கு 300-141. 1947-ல் ஹால் ஆஃப் ஃபேம். 1975 மே 22-ம் தேதி ஒஹையோவில் காலமானார்.