விலாசத்தை மூலதனமாக்கிய எஸ்.எஸ்.வாசன்

ஜெமினி எஸ்.எஸ்.வாசன் என்றதும் 'சந்திரலேகா'வின் முரசு நடனம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் சினிமாவுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அச்சையும் தபாலையும் நம்பிப் பிழைத்தவர் அவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த வாசனைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டியில் பிறந்த சீனிவாசன் சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். மகனை எப்படியாவது படிக்க வைக்க வேண்டுமென்று தாயார் சென்னைக்குக் கூட்டி வந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் பட்டம் வாங்கும் வரை படிக்க முடியவில்லை. 1920-களில் மெயில் ஆர்டர் வியாபாரம், புத்தக வெளியீடு, பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுப்பது என்று இறங்கினார்.

மெயில் ஆர்டருக்குப் பெரிய கடை தேவையில்லை. பத்திரிகையில் விளம்பரம், விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விலாசம், இவ்வளவு இருந்தால் போதும். 1877-லேயே நம் நாட்டுக்கு வந்துவிட்ட வி.பி.பி. முறையில், பார்சலைத் தபால்காரர் கொண்டு வரும்போது பணம் கொடுத்தால் போதும். கடைக்காரர் முகத்தையே பாராத கிராமத்து ஆள் அச்சடித்த நாலு வரியை நம்பிப் பொருள் கேட்பார். அந்த நம்பிக்கை கெட்டால் பார்சல் திரும்பி வரும். தபால் செலவு கைநஷ்டம்.

பூதூர் வைத்தியநாதையர் 1926-ல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' மாத இதழிலும் வாசன் விளம்பரம் கொடுத்து வந்தார். பத்திரிகை நடத்த முடியாமல் ஐயர் தவித்தபோது, 1928-ல் அதை வாசனே வாங்கிக்கொண்டார். எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நொடித்த பத்திரிகையை எதற்கு வாங்க வேண்டும்? அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். வாசகரின் விலாசம்தான் சொத்து என்பது மெயில் ஆர்டர்காரருக்குத் தெரியாதா?

அந்தக் காலத்தில் ஈய எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். நூறு பிரதி போட்டாலும் ஆயிரம் போட்டாலும் கோர்க்கிற கூலி ஒன்றுதான். அதனால் பிரதி கூடக் கூட ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். வாசகர் பெருகினால் விளம்பரமும் வரும். கல்கியின் எழுத்து, மாலியின் சித்திரம், வாசகர்கள் விடை எழுதித் தபாலில் அனுப்பும் குறுக்கெழுத்துப் போட்டி என்று விகடன் வளர்ந்து வாரப் பத்திரிகையானது.

இந்த ஆண்டு மலருக்கு விளம்பரம் கேட்டு ராஜபாளையம் கடைவீதியிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகளிலும் நாங்கள் ஏறி இறங்கினோம். எங்க அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிக்கப் போன பையன் கடை கடையாய்க் காசு கேட்பது பிச்சை மாதிரி ஆகாதா என்று அம்மாவுக்கு வருத்தம். எனக்கும் கூச்சம்தான். சில கடைகளில் நன்கொடை என்று நினைத்து, சாயங்காலம் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் வாசன் வரலாறு எனக்குத் தைரியம் கொடுத்தது. எத்தனை பிரதி அடிக்கிறோம், எந்தெந்த ஊர் மாணவர் வீடுகளுக்கு அது போகும், பழைய மாணவர்கள் எத்தனை பேருக்குத் தபாலில் அனுப்புகிறோம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனோம். அதைப் படித்துப் பார்த்த ஒரு கடைக்காரர், கால் பக்கம் கேட்ட எங்களுக்கு அரைப் பக்கம் கொடுத்தார். அது தர்மம் இல்லை, வியாபாரம். அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது.

அச்சடிப்பதிலும் கணக்கு உண்டு. பக்கத்து ஊரான சிவகாசியில் விசாரித்தோம். ஆப்செட்டில் நாலு வண்ணத்துக்கு நாலு பிளேட் போட வேண்டும். பிரதி அதிகமானால்தான் கட்டுப்படியாகும். சில நூறு அழைப்பிதழ் என்றால் பிளேட்டே தேவைப்படாத டிஜிட்டல் லாபம். அட்டைக்கு மட்டும் ஆர்ட் பேப்பர், உள்ளே ஒரே வண்ணத்தில் மேப்லித்தோ என்று முடிவு செய்தோம். தாள் கனத்தால் எடை கூடும், எடை கூடினால் தபால் செலவு கூடும். விலாசத்தில் பின்கோடு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தோம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் செலவில்லாமல் அனுப்பலாம்; ஆனால் பெயர் எழுதி வீடு தேடி வரும் மலரைப் பெட்டியில் எடுத்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாசன் எழுதிய 'சதி லீலாவதி' 1936-ல் படமானது, எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். பிறகு ஜெமினி ஸ்டூடியோ பிறந்தது. 1948-ல் 'சந்திரலேகா'வைத் தமிழிலும் இந்தியிலும் எடுத்தபோது, விளம்பரத்துக்கு அவர் வாரி இறைத்ததைக் கண்டு நாடே வியந்தது. பழைய விளம்பரக்காரர் அல்லவா! 1964-ல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். 1969-ல் பத்மபூஷண் பெற்று, அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ல் காலமானார்.

தபாலை நம்பித் தொழில் தொடங்கியவரின் முகத்தை 2004-ல் தபால்துறையே தபால்தலையில் அச்சிட்டு கௌரவித்தது. முதல் இல்லையே என்று கலங்கும் நண்பர்களே! கேட்பதில் வெட்கமில்லை, கேட்ட காசுக்கு ஈடாக எதையாவது கொடுக்க நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.