வீடு கிடைக்காத அதிகாரி

1891இல் பிறந்த அண்ணல் அம்பேத்கர், பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் அமெரிக்கா சென்று பயின்றார். ஒப்பந்தப்படி 1917இல் பரோடா அரசுப் பணியேற்றார். பதவி கிடைத்தது, குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. பெயரை மறைத்துப் பார்சி விடுதியொன்றில் தங்கினார். பதினோராம் நாள், தடியேந்தி வந்த சிலர் அவரை வெளியேறச் செய்தனர். இந்து நண்பரும் கிறித்துவ நண்பரும் இடமளிக்கவில்லை. பூங்காவில் காத்திருந்து, அன்றிரவே பம்பாய்க்கு இரயிலேறினார். அவ்வாறு வெளியேறியவரே 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகி, 1946இல் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொணர்ந்தார். 1948இல் அது சட்டமாயிற்று.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் இளைஞர்களே! நாம் ஊதிய உயர்வும் வீட்டு வாடகைப்படியும் கேட்பது நியாயமே. ஆயினும், வாடகைப்படி பெற்றவருக்கும் சாதியால் கதவு அடைபடுமாயின், நம் பணி முடியவில்லை என்றே கொள்வோம்.