தோற்றும் நிலைத்த பெயர்

நுழையும்முன்

படையும் பொருளும் ஆட்சிப்பரப்பும் இல்லாத ஒருவர் ஒரு பெரும்போருக்குத் தலைவராக முடியுமா? 1857-ஆம் ஆண்டில் அவ்வாறு ஒருவர் தலைவரானார். அவரிடம் இருந்தது ஒரு பெயர் மட்டுமே. போரில் அவர் தோற்றார், மைந்தரை இழந்தார், நாட்டைவிட்டே அகற்றப்பட்டார். ஆயினும் அவர் பெயரை மண்ணுக்குள் மறைக்க எவராலும் இயலவில்லை. இறுதி முகலாய மன்னர் இரண்டாம் பகதூர்ஷாவின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கோட்டைக்குள் சுருங்கிய அரசு

பகதூர்ஷா 1775-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள் டெல்லியில் பிறந்தார். அவர்தம் பாட்டனார் இரண்டாம் ஷா ஆலம். வங்காளம், பீகார், ஒரிசா ஆகிய பகுதிகளில் நிலவரி தண்டும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1765-ஆம் ஆண்டு இவரிடமிருந்தே பெற்றது. முகலாய மன்னரின் பெயரால் வரி தண்டிய அக்கம்பெனி, 1803-ஆம் ஆண்டு டெல்லியையே கைப்பற்றியது. அன்றுமுதல் மன்னர், கம்பெனி அளிக்கும் உதவித்தொகையில் வாழ்பவரானார். 1835-ஆம் ஆண்டு நாணயங்களிலிருந்தும் முகலாய மன்னரின் பெயர் நீக்கப்பட்டது.

பகதூர்ஷா அரியணை ஏறுவார் என்று தொடக்கத்தில் எவரும் எதிர்பார்க்கவில்லை. தந்தை இரண்டாம் அக்பர், மிர்சா ஜஹாங்கீர் என்னும் மற்றொரு மகனையே விரும்பினார். அம்மகனோ ஆங்கிலேயப் பேராளரைத் துப்பாக்கியால் சுட முயன்றமையால் அலகாபாத்திற்கு அனுப்பப்பட்டார். ஆகவே 1837-ஆம் ஆண்டு, அறுபதைக் கடந்த வயதில், பகதூர்ஷா மன்னரானார். முன்னோர் ஆண்ட பேரரசில் அவருக்கு எஞ்சியது செங்கோட்டையின் மதில்களுக்கு உட்பட்ட வாழ்வே.

கவியுள்ளம்

ஆட்சி சுருங்கினாலும் அவருடைய உள்ளம் சுருங்கவில்லை. உருது மொழியில் கசல் பாடல்கள் இயற்றினார். அழகிய கையெழுத்துக் கலையில் தேர்ந்தார். ஜவுக், காலிப் ஆகிய பெருங்கவிஞர்கள் அவருக்குப் பாட்டாசிரியராய் விளங்கினர். ஜாபர் என்பது அவர் சூடிக்கொண்ட புனைபெயர். வெற்றி என்பது அச்சொல்லின் பொருள்.

டெல்லிக்குத் தெற்கே மெஹ்ரௌலியில் நடைபெறும் மலர்த் திருவிழாவை அவர் போற்றி வளர்த்தார். அங்குள்ள யோகமாயா கோவிலுக்கும் பக்தியார் காக்கியின் தர்காவிற்கும் இந்துக்களும் இசுலாமியரும் இணைந்து மலர் விசிறிகளை ஏந்திச் சென்றனர். அத்தர்காவின் அருகிலேயே தம் உடல் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது மன்னரின் விருப்பம்.

அவருக்குப்பின் வருவோர் மன்னர் எனப்படமாட்டார்; இளவரசர் என்றே அழைக்கப்படுவர் என 1856-ஆம் ஆண்டு கானிங் பிரபு முடிவு செய்தார். எஞ்சியிருந்த பெயருக்கும் இவ்வாறு நாள் குறிக்கப்பட்டது.

வாயிலில் வந்து நின்ற போர்

1857 மே 10-ஆம் நாள் மீரட்டில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள், மறுநாள் காலையில் டெல்லியை அடைந்தனர். தங்களுக்குத் தலைமையேற்குமாறு மன்னரை வேண்டினர். அவருக்கு அப்போது வயது எண்பத்தொன்று. கருவூலத்தில் பொருளில்லை, ஆணையிடப் படையில்லை. தயங்கினார், பின் இசைந்தார். வெவ்வேறு மொழியும் சமயமும் சார்ந்த வீரர்களை ஒரு குடைக்கீழ் நிறுத்தும் ஆற்றல் அவருடைய பெயருக்கு மட்டுமே இருந்தது. கான்பூரில் எழுச்சியை நடத்திய நானாசாகிப் போன்றோரும் அவரைப் பேரரசராக ஏற்றனர்.

பெயர் படையைத் திரட்டியது. ஆனால் படையை ஆளும் வலிமை பெயருக்கு இல்லை. அரண்மனையில் அடைக்கலமாக வைக்கப்பட்டிருந்த ஐரோப்பியப் பெண்டிரும் குழந்தைகளும் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மே 16-ஆம் நாள் கொல்லப்பட்டனர். மன்னர் மறுத்தும் அக்கொடுமையைத் தடுக்க இயலவில்லை. நகரில் கொள்ளை நிகழ்ந்தது. வீரர்களுக்கு ஊதியம் தர வழியில்லை. நிருவாகத்தைக் கவனிக்கப் படையினர் அறுவரும் குடிமக்கள் நால்வரும் கொண்ட மன்றம் அமைக்கப்பட்டது. ஜூலையில் பரேலியிலிருந்து படையுடன் வந்த பக்த்கான் ஒழுங்கை நிலைநாட்ட முயன்றார். எனினும் இளவரசர்க்கும் படைத்தலைவர்க்கும் இடையே நிலவிய பிணக்கு தீரவில்லை.

இக்குழப்பத்திற்கிடையிலும் மன்னர் உறுதியாக நின்ற செய்தி ஒன்றுண்டு. ஆகஸ்டுத் தொடக்கத்தில் பக்ரீத் திருநாள் வந்தது. நகருக்கு வெளியே முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர், அந்நாளில் இந்துக்களுக்கும் இசுலாமியருக்கும் இடையே மோதல் மூளும் என எதிர்பார்த்தனர். மன்னரோ பசுவைப் பலியிடுதலைத் தடைசெய்து ஆணையிட்டார். திருநாள் அமைதியாகக் கழிந்தது. நான்கு மாதப் போரில் படைக்கலம் ஏந்தாமல் அவர் பெற்ற வெற்றி இது.

வீழ்ச்சி

செப்டம்பர் 14-ஆம் நாள் ஆங்கிலப் படை காஷ்மீர் வாயிலைத் தகர்த்து நகருள் நுழைந்தது. தம்முடன் வந்து போரைத் தொடருமாறு பக்த்கான் மன்னரை அழைத்தார். முதுமையும் சோர்வும் சூழ்ந்த மன்னர் உடன்படவில்லை. முன்னோரான ஹுமாயூனின் கல்லறை மாளிகையில் தஞ்சம் புகுந்தார். உயிருக்கு ஊறு நேராது என்னும் உறுதியைப் பெற்றபின், ஹட்சன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியிடம் சரணடைந்தார். மறுநாள் அவருடைய மைந்தர் இருவரையும் பெயரர் ஒருவரையும் அதே ஹட்சன் சுட்டுக்கொன்றார்.

1858 ஜனவரி 27-ஆம் நாள் செங்கோட்டையின் திவானி காஸ் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. முகலாயப் பேரரசர்கள் கொலுவீற்றிருந்த அவையில், அவர்தம் வழித்தோன்றல் கைதியாக அமர்த்தப்பட்டார். கம்பெனிக்கு எதிராகக் கலகம் விளைவித்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அவருடைய பாட்டனாரிடம் உரிமை பெற்று ஆளத் தொடங்கியது கம்பெனி. அவ்வாறாயின், கலகம் செய்தவர் யார் என்னும் வினா எழுவது இயல்பு. வினா எழுப்பும் நிலையில் அன்று எவரும் இல்லை. மார்ச் 9-ஆம் நாள் மன்னர் குற்றவாளி என அறிவிக்கப்பட்டார். உயிர்க்காப்பு உறுதி அளிக்கப்பட்டிருந்தமையால் அவரை நாடுகடத்தினர்.

இரங்கூன் வாழ்வு

1858 அக்டோபரில் டெல்லியை விட்டுப் புறப்பட்ட மன்னர், அரசி ஜீனத் மகலுடனும் மைந்தர் இருவருடனும் டிசம்பரில் பர்மாவின் இரங்கூனை அடைந்தார். நான்காண்டுகள் காவலில் கழிந்தன. 1862 நவம்பர் 7-ஆம் நாள் விடியற்காலையில் அவர் உயிர்நீத்தார். அன்று மாலையே அடக்கம் நிகழ்ந்தது. அடையாளம் எதுவும் நிறுத்தப்படவில்லை. நிலம் சமன்செய்யப்பட்டுப் புல் பரப்பப்பட்டது. அவ்விடம் காலப்போக்கில் மறைந்துவிடும் என்று காவலர் எண்ணினர். மெஹ்ரௌலியில் அவர் விரும்பிய இடம் வெறுமையாகவே கிடந்தது.

மீண்டெழுந்த பெயர்

புல் மூடிய பெயரை மக்கள் நினைவு மூடவில்லை. பிற்காலத்தில் அவர் நினைவாக அங்கே அடக்கத்தலம் ஒன்று எழுந்தது. இரண்டாம் உலகப்போரின்போது நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் அங்குச் சென்று வணங்கினார். டெல்லியை நோக்கிய தம் படையின் பயணத்திற்கு அவ்விடத்தைத் தொடக்கமாகக் கருதினார். அவருடைய இந்திய தேசிய இராணுவத்தில் மலேயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்திருந்தனர்.

அப்படையும் போரில் தோற்றது. 1945 நவம்பரில் ஷா நவாஸ்கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரும் அதே செங்கோட்டையில் விசாரிக்கப்பட்டனர். 1858-இல் முதிய மன்னருக்காகக் குரல்கொடுக்க நாட்டில் எவரும் இல்லை. இம்முறை நாடே குரல்கொடுத்தது. குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டபின்னும் நாடுகடத்தும் தண்டனை கைவிடப்பட்டது. மூவரும் விடுதலை பெற்றனர். அடுத்த ஈராண்டுக்குள் செங்கோட்டையில் இந்தியாவின் மூவண்ணக் கொடி ஏறியது.

1991-ஆம் ஆண்டு இரங்கூன் அடக்கத்தலத்தில் கட்டடப் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது மன்னரின் உண்மையான கல்லறை வெளிப்பட்டது. பகதூர்ஷா குறையற்ற தலைவர் அல்லர். தயங்கினார், தம்மைச் சூழ்ந்தோரை அடக்க இயலாது தவித்தார். ஆயினும், பிரிந்து கிடந்தோர் ஒன்றுகூட ஒரு பெயர் தேவைப்பட்டபோது, விளைவை அறிந்தும் தம் பெயரைத் தந்தார். அதற்குரிய விலை முழுவதையும் அவரே செலுத்தினார்.

தெரிந்து தெளிவோம்

இந்திய மன்னர் பர்மாவில் மறைந்தார். பர்மாவின் இறுதி மன்னர் தீபா இந்தியாவில் மறைந்தார். 1885-ஆம் ஆண்டு போரில் தோற்ற தீபா, மேற்குக் கடற்கரையிலுள்ள இரத்தினகிரிக்கு நாடுகடத்தப்பட்டார். 1916-ஆம் ஆண்டு அங்கேயே உயிர்நீத்தார்.

கற்பவை கற்றபின்...

1. செங்கோட்டையில் 1858-இலும் 1945-இலும் நிகழ்ந்த விசாரணைகளை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.
2. பகதூர்ஷா சிப்பாய்களின் வேண்டுகோளை ஏற்றது சரியா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.