தேடப்பட்டவரைத் திரைக்குக் கொணர்ந்தவர்: றூடல் ஹேவார்ட்

முகமூடி அணிந்த கள்வன் எம்மவர்க்குப் புதியவனல்லன். நாமக்கல் கவிஞரின் நாவலைத் தழுவி, எம்.ஜி.ஆர். நடித்து 1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'மலைக்கள்ளன்' எமது பெற்றோரின் தலைமுறை விரும்பிப் பார்த்த படம். அந்தக் கள்வனுக்கு மூத்த தமையன் ஒருவன் உண்டு. அவன் பெயர் ஸோரோ. 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டக்ளஸ் பெயார்பாங்ஸ் நடித்த மௌனப் படத்தில் அவன் முதன்முதலாகத் திரையில் தோன்றினான். பகலில் சோம்பல் மிகுந்த செல்வந்தன். இரவில் கறுப்பு முகமூடியும் வாளும் தரித்து, கொடுங்கோல் ஆளுநரின் படையினரை அலைக்கழிப்பவன். சாகசமும் காதலும் கலந்த அந்தப் படம் உலகெங்கும் ஓடியது. அதன் பின்னர் சட்டத்தால் தேடப்படும் வீரன் என்பவன் எல்லா நாட்டுத் திரைகளுக்கும் உரிய பாத்திரமானான்.

அதே 1920இல், நாம் இன்று வாழும் ஒக்லண்ட் நகரில், இருபது வயது இளைஞர் ஒருவர் படக்கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தார். அவரும் ஏழு ஆண்டுகளின் பின்னர் தேடப்பட்ட ஒருவரின் கதையைப் படமாக்கினார். ஆனால், அவருடைய கதையில் வந்தவர் கற்பனையில் உதித்தவரல்லர். இந்த மண்ணில் பிறந்து, அரசினால் கடல் கடத்தப்பட்டு, தப்பி வந்து, தலைக்கு விலை வைத்துத் தேடப்பட்டவர். அந்த இளைஞர் றூடல் ஹேவார்ட். தேடப்பட்டவர் தே கோத்தி. ஒருவர் மற்றவரின் கதையை எவ்வாறு சொன்னார், அவ்வாறு சொன்னதால் என்ன நேர்ந்தது என்பது, ஊரைவிட்டு வந்த எம் போன்றோர் அறிந்துகொள்ளத் தக்க வரலாறு என்று கருதுகின்றோம்.

காட்சிக் குடும்பத்துப் பிள்ளை

ஹேவார்ட் 1900ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ரன் நகரில் பிறந்தார். பெற்றோர் மேடைக் கலைஞர்கள். இசைக் கச்சேரியையும் அசையும் படங்களையும் ஒருங்கே காட்டிய குழுவொன்றுடன் இக்குடும்பம் 1905இல் நியூசிலாந்து வந்து, இங்கேயே தங்கிவிட்டது. சிறிய தந்தையார் ஹென்றி ஹேவார்ட் நாடெங்கும் படமாளிகைகளை நிறுவி, இத்தொழிலின் பெரும் முதலாளியானார். ஆகவே, சிறுவன் றூடல் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய காலத்திலேயே படச்சுருள்களின் மணத்துக்கும் பழகிவிட்டான் என்று கூறலாம்.

இளமையில் அவர் எடுத்த முதற்படம் ஒரு நகைச்சுவைத் துணுக்கு. ஒக்லண்டின் பிறீமன்ஸ் பே பகுதியைச் சேர்ந்த ஓர் ஆசாமியைப் பற்றியது. அதனைப் பார்த்த சிறிய தந்தையார், குடும்பத்தின் மானத்தைக் காப்பதற்காக, அப்படத்தை எரித்துவிடும்படியும் அதற்கு ஐம்பது பவுண் தருவதாகவும் கூறினார் என்ற கதை இந்நாட்டுச் சினிமா வரலாற்றில் நிலைத்துவிட்டது. மருமக்களின் முயற்சிகளை மாமன்மாரும் சித்தப்பாமாரும் இவ்வாறு வரவேற்பது எம்மிடையே மட்டும் உள்ள வழக்கமன்று என்பதில் எமக்கு ஓர் ஆறுதல்.

இளைஞர் தளரவில்லை. 1922இல் காதலும் சாகசமும் நிறைந்த 'மை லேடி ஒவ் த கேவ்' என்ற முழுநீளப் படத்தை எடுத்து வெளியிட்டார். அக்காலத்தில் இந்நாட்டுத் திரைகளை ஆண்டவை அமெரிக்கப் படங்கள். கலிபோர்னியாவின் குதிரைவீரர்களை ஒக்லண்ட் சிறுவர்கள் அறிந்திருந்தனர். தம் வீட்டிலிருந்து ஒரு நாட்பயணத் தூரத்தில் நடந்த போர்களை அறிந்திருக்கவில்லை. இந்த மண்ணின் கதைகளே இந்த மண்ணின் திரையில் தோன்றவேண்டும் என்பது ஹேவார்டின் வைராக்கியமாயிற்று. 1864இல் ஒராக்காவ் என்ற இடத்தில், நீரும் உணவும் வெடிமருந்தும் அற்றுப்போன நிலையிலும் சரணடைய மறுத்துப் போரிட்ட மாவோரி மக்களின் கதையை, 'றேவீஸ் லாஸ்ற் ஸ்ராண்ட்' என்ற பெயரில் 1925இல் படமாக்கினார். அதற்கு அடுத்ததாக 1927இல் வந்ததே 'த தே கோத்தி றெயில்' என்ற படம்.

கடல் கடத்தப்பட்டவர்

அப்படத்தை விளங்கிக்கொள்வதற்குத் தே கோத்தியின் வாழ்வைச் சுருக்கமாகவேனும் அறிதல் அவசியம். அவர் வடதீவின் கிழக்குக் கரையைச் சேர்ந்த மாவோரியர். 1865இல் அவர் போரிட்டது அரசின் பக்கத்தில். எனினும், எதிரிகளுக்குத் தகவல் கொடுத்தார் என்ற சந்தேகத்தின் பேரில் கைதானார். நீதிமன்ற விசாரணை எதுவும் நடைபெறவில்லை. 1866இல் ஏனைய கைதிகளோடு சேர்த்து, கிழக்கே பல நூறு மைல் தொலைவிலுள்ள சதாம் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். குளிரும் நோயும் நிறைந்த அத்தீவில் அவர் விவிலியத்தை ஆழ்ந்து படித்தார். எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலரின் கதையில் தம் மக்களின் கதையைக் கண்டார். அங்கே உருவான வழிபாட்டு நெறியே, உயர்த்திய கை என்று பொருள்படும் ரிங்காத்து சமயம்.

1868 யூலையில், ஆண்கள், பெண்கள், குழந்தைகளாக ஏறக்குறைய முந்நூறு பேருடன் 'றைபிள்மன்' என்ற பாய்மரக் கப்பலைக் கைப்பற்றி அவர் தாய்நிலம் திரும்பினார். தம்மை நிம்மதியாகப் போகவிடுமாறு கேட்டார். அரசு பின்தொடர்ந்தது, போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் மத்தவேரோவில் அவரது ஆட்கள் நடத்திய தாக்குதலில் ஐரோப்பியரும் மாவோரியருமாக ஐம்பது பேரளவில் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். 1869 சனவரியில் ஙாத்தப்பாவில் பிடிபட்ட அவரது ஆதரவாளர் பலரை அரசுப் படைகள் விசாரணையின்றிக் கொன்றன. இரு பக்கத்துக் கொலைகளையும் ஒருங்கே சொல்லாத வரலாறு பாதி வரலாறே ஆகும். அவரது தலைக்கு வைக்கப்பட்ட விலை 5000 பவுண் வரை உயர்ந்தது. நான்கு ஆண்டுகள் காடும் மலையுமாகத் துரத்தப்பட்டும் அவர் பிடிபடவில்லை. 1872இல் மாவோரி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் அடைக்கலம் புகுந்தார். 1883இல் அரசு அவருக்கு மன்னிப்பு அளித்தது. 1893இல் காலமானார்.

தணிக்கை மேசையில்

ஹேவார்ட் இந்நெடுங்கதை முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. 1869 மார்ச்சில் ஃபாக்காத்தானே என்ற ஊருக்கு அண்மையிலிருந்த மாவாலையொன்றைத் தே கோத்தியின் ஆட்கள் தாக்கினர். ஜோன் கெரென் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருசில மாவோரி மக்களோடு அதனைக் காத்து நின்று மடிந்தார். அவருடைய மைத்துனி மொனிக்கா என்ற இளம்பெண்ணும் கொல்லப்பட்டாள். மொனிக்காவின் காதலும் மரணமும், அதற்கான பழிவாங்கலுமே படத்தின் காதற்பகுதி. தே கோத்தியைத் துரத்திச் செல்லும் கில்பேட் மெயர் என்ற படை அதிகாரி படத்தின் வீரர்.

இங்குதான் ஸோரோவுக்கும் தே கோத்திக்கும் இடையேயான வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். ஸோரோ படத்தில் பார்வையாளர் தேடப்படுபவனின் பக்கத்தில் நிற்கின்றனர். தேடுகின்ற படையினர் கேலிக்குரியவர்கள். ஹேவார்டின் படத்திலோ பார்வையாளர் தேடுபவர்களின் பக்கத்தில் நிறுத்தப்பட்டனர். காரணம் வெளிப்படையானது. ஸோரோவின் எதிரிகள் பழைய ஸ்பானிய ஆட்சியின் ஆளுநர்கள். அவர்களைப் பரிகசிப்பதால் 1920இன் அமெரிக்கருக்கு எந்த இழப்பும் இல்லை. தே கோத்தியின் எதிரி, படத்தைப் பார்க்க வந்திருந்தோரின் சொந்த அரசு. கற்பனைக் கள்வனை எவரும் நேசிக்கலாம். பக்கத்து வீட்டாரின் நிலத்தை இழப்பித்த போரில் தோன்றியவரை நேசிப்பதாயின், முதலில் அந்த நிலத்தைப் பற்றிப் பேசவேண்டிவரும்.

எனினும், ஹேவார்டைக் குறை கூறி முடித்துவிட எமக்கு மனமில்லை. அக்காலத்து ஹொலிவூட்டில் பிற இனத்தவரின் பாத்திரங்களுக்கு வெள்ளையர் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடிப்பது வழக்கம். ஹேவார்ட் மாவோரி மக்களையே நடிக்க வைத்தார். தே கோத்தியாகத் தோன்றியவர் தே பாய்றி துதெராங்கி என்ற மாவோரியர். மொனிக்காவாக நடித்தவர் ரீனா ஹன்ற். சம்பவம் நிகழ்ந்து 58 ஆண்டுகளே கடந்திருந்தன. தே கோத்தியை நேரில் கண்டோர் பலர் உயிரோடு இருந்த காலம் அது. நடித்தோரின் முகங்கள் உண்மையானவை. கதையைப் பார்த்த கண் மட்டுமே குடியேறிகளின் கண்.

படம் தணிக்கைக்குச் சென்றபோது எதிர்பாராத தடை ஏற்பட்டது. ரிங்காத்து சமயத்தவரின் மனம் புண்படுமோ என்ற அச்சத்தால் வெளியீடு தாமதமாயிற்று. சில மாற்றங்களின் பின்னரே படம் மக்களைச் சென்றடைந்தது. தணிக்கையாளரின் நோக்கம் ஒருவேளை நாட்டின் அமைதி மட்டுமாகவே இருந்திருக்கலாம். ஆயினும், ஒரு தரப்பு கொள்ளைக்காரராகக் காட்ட விரும்பியவரை மறுதரப்பு தீர்க்கதரிசியாக வணங்குகின்றது என்ற உண்மை அன்று படச்சுருளின் குறுக்கே வந்து நின்றது.

இரண்டாவது பார்வை

1928இல் ஹேவார்ட் 'த புஷ் சின்ட்ரெல்லா' என்ற காதற்படத்தை எடுத்தார். பின்னர் இரண்டு ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று, உள்ளூர் மக்களையே நடிகர்களாக்கி இருபதுக்கு மேற்பட்ட சிறு நகைச்சுவைப் படங்களை உருவாக்கினார். கதை பெரும்பாலும் ஒன்றே. ஊரின் பெயரும் நாயகியும் மாறுவர். தம் முகத்தைத் திரையில் காண மக்கள் காசு கொடுத்து வந்தனர். பேசும் படம் வந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியும் உடன் வந்தது. 1936இல் தமது முதலாவது பேசும் முழுநீளப் படத்தை ஒக்லண்டில் முடித்தார்.

அதன் பின்னர் அவர் செய்த காரியமே எமது கவனத்துக்குரியது. 1925இல் தாம் மௌனப் படமாக எடுத்த ஒராக்காவ் கதையை மீண்டும் கையில் எடுத்து, பேசும் படமாக 1940இல் வெளியிட்டார். அதில் நாயகியாக நடித்தவர் ரமாய் தே மிஹா என்ற மாவோரி யுவதி. ஒக்லண்டின் டெவன்போட் பகுதியில் சொந்தமாகப் புகைப்பட நிலையம் நடத்தியவர். 1943இல் இருவரும் மணம் முடித்தனர். அந்நாளில் இத்தகைய திருமணம் சமூகத்தின் முணுமுணுப்புக்குத் தப்பவில்லை.

ரமாய் வெறும் துணைவியாக இருந்துவிடவில்லை. படக்கருவியைத் தாமே கையில் எடுத்தார், எழுதினார், இயக்கினார். இருவரும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பணிபுரிந்தனர். 1957இல் சீனாவுக்குச் சென்று படம்பிடித்தனர். அங்கே மாவோ சேதுங்குக்கு மாவோரி இறகுப் போர்வையொன்றை ரமாய் அணிவித்தார். நாடு திரும்பிய பின்னர் இருவரும் இணைந்து உருவாக்கிய 'ரு லவ் எ மாவோரி' 1972இல் வெளிவந்தது. கிராமத்தை விட்டு நகருக்கு வரும் மாவோரி இளைஞர் எதிர்கொள்ளும் இனப் பாகுபாட்டை அது பேசியது. இம்முறை போர்க்களமும் இல்லை, குதிரைகளும் இல்லை. வாடகை வீடும் வேலைத்தலமும் காதலும் மட்டுமே. 1927இல் தேடும் படையின் பின்னால் நின்ற படக்கருவி, 45 ஆண்டுகளில் இடம் மாறி மறுபக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது. அதனை இடம் மாற்றிய கைகளுள் ஒன்று ரமாயினுடையது என்பது எமது துணிபு. அப்படத்தைக் காட்டுவதற்காகப் பயணம் செய்துகொண்டிருந்த வேளையில், 1974 மே மாதத்தில், டனீடின் நகரில் ஹேவார்ட் காலமானார். ரமாய் 2014 வரை வாழ்ந்தார்.

எஞ்சிய சுருள்கள்

1925ஆம் ஆண்டின் மௌனப் படத்தில் இன்று எஞ்சியிருப்பவை சில துண்டுகளே. தே கோத்தியின் படம் தப்பிப் பிழைத்துள்ளது. எமது பக்கத்து நிலையோ இதனினும் துயரமானது. நடராஜ முதலியார் சென்னையில் தொடக்கிவைத்த தமிழ் மௌனப் படங்களின் காலத்திலிருந்து எமக்கு எஞ்சியது ஏறக்குறைய எதுவுமில்லை. 1981இல் வெலிங்ரன் நகரில் நியூசிலாந்தின் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. அதே 1981இல்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. இரு செய்திகளையும் அடுத்தடுத்து எழுதும்போது எமது கை சற்றுத் தயங்குகின்றது.

படம் எஞ்சியதால், அது தவறாகச் சொன்னவற்றையும் இன்று எடுத்துப் பேச முடிகின்றது. வைத்தாங்கி நியாயமன்றம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, சதாம் தீவுகளில் விசாரணையின்றி மக்களைத் தடுத்துவைத்தமை அநீதி எனக் கண்டது. 2012இல் தே கோத்தியின் குலத்தாராகிய ரொங்கோஃபக்காட்டாவுடன் செய்த தீர்வில் அரசு மன்னிப்புக் கோரியது. ஒருகாலத்தில் அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது. இறுதியில் அரசே அவருடைய மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. இவ்விரண்டுக்கும் இடையே 129 ஆண்டுகள் கழிந்தன.

ஹேவார்டின் படத்தில் தே கோத்தி முகமூடி அணிந்திருக்கவில்லை. அதனை அவருக்கு அணிவித்தவர்கள் கதை சொன்னவர்கள். அதனைக் கழற்றுவதற்கு அவருடைய மக்களிடம் பாட்டுகள் இருந்தன; வம்சாவளிகள் இருந்தன; நினைவு தவறாத முதியோர் இருந்தனர். ஒக்லண்டில் எமது இல்லங்களிலும் அத்தகைய முதியோர் இருக்கின்றனர். அவர்கள் வழியில் கண்டவற்றையும் இழந்தவற்றையும் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் பதிவு செய்துவைக்க இன்று பெரிய படக்கருவி தேவையில்லை. ஒரு மாலைப்பொழுதும், கேட்பதற்குப் பொறுமையுள்ள ஒருவரும் போதும். இவ்வாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒருவரையேனும் அமர்த்திக் கேட்டுவைக்க வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.